முதலில் பூட்டு, பிறகு கேள்வி

மார்ச் 4
இன்று காலை என் கிடங்குக்குச் சீல் வைத்துவிட்டார்கள். கேஸ் ட்யூப் கசிந்து ஒரு வீட்டில் தீ. ஒரு பெண் ஆஸ்பத்திரியில். ட்யூப் என் சரக்கு என்று புகார். "என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க சார்" என்றேன். அதிகாரி அரக்கை உருக்குவதிலேயே கண்ணாயிருந்தார். தலைச்சுமையாக விற்றுச் சேர்த்த கடை இது!

மார்ச் 5
மச்சான் காதோடு சொன்னான்: "பின்பக்கக் கதவ அவங்க பாக்கல மாமா. சரக்க வெளிய எடுத்துட ரெண்டு வண்டி போதும்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரக்கு நல்லதுதானா? கடைசியாக வாங்கியது புது ஃபாக்டரி சரக்கு, பாதி விலை. சோதனைச் சீட்டு கேட்டேனா? இல்லை.

மார்ச் 7
இப்படிச் சீல் வைப்பதற்குப் புதுச் சட்டம் எழுதுகிறார்களாம். வியாபாரிகள் சங்கம் என்னைப் பேச அனுப்புகிறது. அடிபட்டவன் சொன்னால் எடுபடுமாம். கோரிக்கை: ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகே பூட்டு.
மனைவி கேட்டாள்: "அந்தப் பொண்ணு எப்படி இருக்கான்னு கேட்டீங்களா?"
கேட்கவில்லை.

மார்ச் 11
கருத்துக் கேட்கும் கூட்டம். சட்டம் எழுதும் அம்மாள் மூன்று நாட்டுச் சட்டங்களை மேசையில் விரித்திருந்தார். ஒன்றில் நோட்டீஸ், பிறகு பூட்டு. ஒன்றில் முதலில் பூட்டு, விசாரணை எப்போதோ. மற்றொன்றில் பூட்டிய கையோடு விசாரணை. "கேக்காம தண்டிக்கக் கூடாதுன்னு எல்லா நாடும் தலையாட்டுது. எப்ப கேக்கறதுங்கறதுலதான் சண்டை" என்றார்.
நான் முதலாவதைப் பிடித்துக்கொண்டேன்.
"ஏழு நாள் கொடுத்தா சரக்க என்ன பண்ணுவீங்க, ஐயா?"
மச்சான் சொன்ன ரெண்டு வண்டி கண்முன்னே —
"மூணே நாள்ல வித்துடுவேன்மா. நான் மட்டுமில்ல, யாரும்."
பின்வரிசையில் சங்கத் தலைவர் எழுந்தார்: "சொந்த வீட்டுக்கே கொள்ளி வைக்கிறியேய்யா!"
"ஆனா பூட்டிட்டு மறந்துடாதீங்க. தப்பாப் பூட்டினா அது எங்க கைய மட்டும் கடிக்கலாமா?" என்றேன். அம்மாள் குறித்துக்கொண்டார்.

மார்ச் 12
மச்சான் முகம் கொடுக்கவில்லை; வண்டிப் பேச்சும் அத்தோடு போயிற்று. சங்கத்திலும் அப்படியே.

மே 2
கிடங்கு பூட்டியே கிடக்கிறது. இதுவரை என்னை ஒருவரும் கேட்கவில்லை. உளறிக் கெடுத்தேனோ? அந்தப் பெண் வீடு திரும்பிவிட்டாளாம். மனைவிதான் போய்ப் பார்த்தாள். கையில் தழும்பாம்.

ஜூன் 18
சட்டம் வந்துவிட்டது. ஆபத்தென்றால் உடனே பூட்டலாம், காரணம் எழுத்தில், மூன்றாம் நாள் விசாரணை. பழைய சீல்களுக்கும் உண்டு என்பதால் இன்று என் முறை. முழுதாகப் பேசவிட்டார்கள். என் எதிரிலேயே சோதித்தார்கள். புது ஃபாக்டரி ட்யூப் விரிசல் விட்டது; பழைய ஃபாக்டரி ட்யூப் தாங்கியது.
முடிவானது: புது ஃபாக்டரி சரக்கு அத்தனையும் அழிப்பு. அந்தப் பெண்ணின் வைத்தியச் செலவு முழுக்க என்னுடையது. மற்ற சரக்கு நாளையே என் கைக்கு. என்னைக் கேட்காமல் அதைப் பூட்டிவைத்த நாட்களுக்குக் கிடங்கு வாடகை அரசாங்கத்தின் பொறுப்பு.