மேடை ஓரத்து விளக்கு

என் சின்னக்குட்டிக்கு,

கச்சேரி முடிந்ததும் உன்னைத் தேடினேன். நீ நண்பர்களோடு கிளம்பிவிட்டிருந்தாய்.

மேடை ஓரத்தில் நின்று என் பாட்டைச் சைகையில் சொன்னாளே ஒரு பெண், அவள் மேல் விழுந்த விளக்கொளி பாதியில் அணைந்தது பழுதினால் அல்ல. ஜனங்கள் என்னை விட்டுவிட்டு அவள் கைகளையே பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அணைக்கச் சொல்லி லைட் போடுகிறவருக்கு நான்தான் கையை ஆட்டினேன்.

காது கேட்காத உங்கள் வரிசை முழுவதும் தவித்துப்போனது. நீ எழுந்து செல்போன் வெளிச்சத்தை அவள் கைகளில் அடித்தாய். உன்னைப் பார்த்து அரங்கமே செல்போன் வெளிச்சம் அடித்தது. நான் பாடிக்கொண்டேதான் இருந்தேன்.

பிறகு ஏற்பாட்டாளர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "விளக்கை அணைச்சு ஜனங்களையே வெளிச்சம் காட்ட வெச்சீங்களே, என்ன அருமையான யோசனை சார்! இதெல்லாம் ஒரு தகப்பனுக்குத்தான் தோணும்."

நான் மறுக்கவில்லை. சிரித்துவைத்தேன்.

சைகை செய்த அந்தப் பெண் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "என் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேக்கணும்மா. கையால எப்படிச் சொல்றது?" என்றேன்.

"முதல்ல அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடணுமே சார். அவங்க பேருக்கு என்ன சைகை?"

எனக்குத் தெரியவில்லை, குட்டி. பிறந்ததிலிருந்து உன்னைத் தோளில் தட்டித்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

தலை நிமிராமல்,
அப்பா