தண்ணீர்ப் பந்தலுக்கு வெண்குடை கேட்ட உப்பு வணிகர்க்கு

வெண்கரை நாடும் அதன் அலைவாய்த் துறைகளும் மழை வளம் குன்றாது தழைக்க. அரசியார் திருமுன் நின்று அறம் நோக்கும் அமைச்சு, பொழிலூர் நங்கை இளவேலி, உப்பு வணிகப் பெருங்குழுவின் தலைவரும், கப்பல் பல உடையவரும், விரல்களில் மோதிரம் அவற்றினும் பல உடையவருமான சேந்தன் நிதியனார்க்கு விடுக்கும் ஓலை. தாங்களும் தங்கள் கிடங்குகளும் நலமே என்பதில் எமக்கு ஐயமில்லை. நலம் விசாரிக்க வேண்டியது வேறு சிலரை.

தங்கள் விண்ணப்பம் அவைக்கு வந்தது. கோடையில் வாடும் உப்பளத்து ஏழைகளுக்குக் குழு தண்ணீர்ப் பந்தல் அமைத்துக் காப்பதால், ‘எளியோர் புரவலர்’ என்னும் பட்டமும் வீதியில் வெண்குடை பிடித்துச் செல்லும் உரிமையும் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அரசியார் முழுவதும் கேட்டபின், அம்மக்கள் இதுவரை எங்கே நீர் குடித்தார்கள் என்று மட்டும் வினவினார். அவையினர் தத்தம் மேலாடையைச் சரிசெய்துகொண்டார்கள். எமக்கு விடை தெரியும். எம் வீட்டுக்கும் தங்கள் குழு மாளிகைக்கும் இடையே ஒரு சுவர்தான். தங்கள் மடைப்பள்ளியில் இன்று என்ன தாளிப்பு என்பதுவரை அறிந்த எமக்கு இதுவா தெரியாது?

அளத்தை ஒட்டி ஊருணி ஒன்று உண்டு. உப்பு வாரும் மக்கள் காலங்காலமாகக் குடித்த நீர் அது. சுற்றிலும் வேறெங்கே தோண்டினாலும் உவர்தான். சென்ற பனிக்காலத்தில், கிடங்கு கட்டப்போவதாகச் சொல்லிக் குழு அதைச் சுற்றி முள்வேலி அடைத்தது. கிடங்கு எழவில்லை. ஊருணி நீரில் இப்போது தங்கள் வண்டி மாடுகள் குளிக்கின்றன. வேலி அடைக்குமுன் ஏழைகளின் நிலையறிய ஆள் அனுப்பியதாகவும் விண்ணப்பத்தில் பெருமை பேசியிருந்தீர்கள். உண்மைதான். அடைமழை நாளில் தாழங்குடை பிடித்துப் போனவர்கள், முழங்கால் வெள்ளத்தில் நின்ற மக்களிடம் தண்ணீர் போதுமா என்று கேட்டு, போதும் என்ற விடையை வாங்கிக்கொண்டு மனநிறைவோடு திரும்பினார்கள்.

பந்தலோ அளத்தருகே இல்லை. அரசியாரின் தேர் செல்லும் பெருவழியில் இருக்கிறது. நடந்து வந்து குடித்துத் திரும்புவதற்குள் குடித்ததெல்லாம் வியர்த்துப் போகும். வந்தவுடன் குடிக்கவும் முடியாது. குழுவின் பெயரைச் சொல்லி உரக்க வாழ்த்திய பின்னரே தங்கள் ஆள் அகப்பையைச் சாய்ப்பானாம். சேப்பி என்னும் உப்பு வாரும் பெண் உச்சிவெயிலில் அங்கே வந்து, “தொண்டை நனைஞ்சாத்தானய்யா சத்தம் வரும், முதல்ல ஊத்து” என்றாளாம். வாழ்த்தாத வாய்க்கு நீர் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டான். வழியிலேயே விழுந்தாள். கண் விழித்துவிட்டாள், இன்னும் எழுந்து நடக்கவில்லை. விண்ணப்பத்தில் இதை எழுத இடம் போதவில்லை போலும்.

யாம் பார்வையிட வருகிறோம் என்றறிந்து, அன்று மட்டும் ஏழையரை வரிசையாக நிறுத்தியிருந்தீர்கள். அவர்கள் உடுத்தியிருந்தது அத்தனையும் புதுத்துணியில் கத்தரி வைத்த கந்தல். முன்னே நின்று கண்கலங்க வாழ்த்தியவர் தங்கள் மடைப்பள்ளித் தலைவர் கொற்றனார் அல்லரோ? எம் வீட்டுக் கறிவேப்பிலையைச் சுவர் வழியே நாள்தோறும் பறிக்கும் கை எமக்கு அடையாளம் தெரியாதா? நலமா என்றோம். “கஞ்சியக் கண்டே நாளாச்சும்மா” என்றார். வாயெல்லாம் நெய் மணம். இவரை ஏழையாக்கப் பட்ட பாட்டுக்கு, உண்மை ஏழை ஒருவரையே அழைத்து வந்திருக்கலாம். தங்கள் அளத்தில் உழைப்பவர் அனைவரும் அத்தகையோரே.

ஆதலின் அரசியார் ஆணை: பட்டம் இல்லை, குடை இல்லை. இவ்வோலை கண்ட பொழுதே வேலியை அகற்றுக. அகலும்வரை குழுவின் உப்பு வண்டி ஒன்றும் சுங்க வாயில் கடவாது. ஊருணி இனி என்றும் அளத்து மக்களின் உடைமை. சேப்பி எழுந்து நடக்கும்வரை, மருத்துவரும் உணவும் குழுவின் பொறுப்பு. தங்களுக்கு இலை போடுமுன் அவள் வீட்டுக்குச் சோறு சென்றிருக்க வேண்டும்.

கலங்கரை விளக்கம் பொறித்த அரச இலச்சினை இட்டோம். ஓலை கொணரும் வீரர், முள் அகன்றதைக் கண்ணால் கண்டே திரும்புவர். வேறு மறுமொழி வேண்டா. வேலி பிடுங்கும் நாளில் மேளமும் கல்வெட்டும் தலைவர் உரையும் வேண்டா. தாங்கள் வரவும் வேண்டா. அம்மக்கள் குடத்தோடு வந்து, யாரையும் வாழ்த்தாமல் குடிக்கட்டும்.