பாவ்லினுக்காக எரித்த விறகு

ஜனவரி 7
வெளியே துப்பினால் எச்சில் கீழே விழும்முன் உறைகிறது. உள்ளே என் புருஷன் பாவ்லின் சட்டையில்லாமல் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். எல்லாம் என் கைவண்ணம். அவர் வந்ததிலிருந்து, காட்டில் நின்ற நிலையிலேயே காய்ந்துபோன லார்ச் என்ற ஊசியிலை மரத்தைத் தவிர வேறெதையும் அடுப்பில் போடவில்லை.

போடாமல் என்ன செய்வது? கல்யாணத்தின்போது பேசிய பேச்சு அப்படி. வசந்தப் புத்தாண்டு வரை என் கூடாரத்தில் இருந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் நான் பனிமான்களைக் கேஷா அண்ணனிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போய் அவருடைய மூன்றாவது மாடி வீட்டில் குடியேற வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டேன். காட்டில் பிறந்து வளர்ந்தவள், மாடிப்படியில் மானையா மேய்ப்பேன்?

பெரியப்பா மகன் கேஷா பக்கத்துக் கூடாரம்தான். தலையை நீட்டி, உடனே வெளியே இழுத்துக்கொண்டார். "மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிறியா வால்யா, மாப்பிள்ளையையே வேக வைக்கிறியா?"

ஜனவரி 9
லார்ச் பொறி தெறித்து, பாவ்லின் தலைமாட்டுக்கு மேலே கூடாரத் துணியில் ஓட்டை. "நட்சத்திரம் தெரியுது" என்றார். தைத்துவிட்டேன். நல்ல மனிதர்.

ஜனவரி 13
பக்கத்தில் இருந்த காய்ந்த லார்ச் தீர்ந்துபோனது. கேஷா அண்ணன் விறகு அடுக்கைச் சுற்றிவந்து பார்த்தார். "நல்ல விறகையெல்லாம் தேனிலவுக்கே எரிச்சாச்சு. குடித்தனத்துக்கு என்ன பண்ணப்போற?"

எனக்குத் தெரியாததா? பற்றவைக்கவும் சமைக்கவும் லார்ச். பிறகு நிதானமாக எரிய, பிர்ச் என்ற வெள்ளைப்பட்டை மரத்தில் காய்ந்தது. படுக்கும்போது கங்கு காக்க ஈரமான பிர்ச் கட்டை ஒன்று. பல்லு முளைத்த நாளிலிருந்து பார்த்த வேலை. ஆனால் கடைக்காரன் நல்ல தக்காளியை மேலே வைக்கிற மாதிரி, காட்டை அவருக்கு விற்கப் பார்த்தேன். இனி அடியில் இருக்கும் தக்காளி.

ஜனவரி 16
காய்ந்த பிர்ச்சும் முடிந்தது. பச்சைக் கட்டைதான். ஒரே புகை. பாவ்லின் இருமுகிறார், கண்ணைத் துடைக்கிறார். திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம்.

நான் தினமும் ஓடைக்கு அப்பால் போய்ச் சறுக்குவண்டியில் மரம் இழுக்கிறேன். திரும்பும்போது வாசலில் நின்று என் கையையே பார்க்கிறார்.

ஜனவரி 20
அடுப்பு போய்விட்டது.

நேற்று சாமான் வண்டியில் ஊருக்குப் போனவர் இன்று காலை உறைந்த பேரிக்காயும் இரண்டு மூட்டை நிலக்கரியும் கொண்டுவந்தார். "இதைப் போட்டா விடிய விடிய எரியும். நீ மரம் இழுக்க வேண்டாம்" என்றார். மான்களுக்கு உப்பு வைத்துவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம் என்று போனேன். அதுதான் தப்பு. திரும்பினால் அடுப்பின் வயிறு செக்கச்சிவந்து தொங்குகிறது. நான் வாயைத் திறக்கும்முன் அடித்தகடு ஓட்டை விழுந்து கங்கு தரையில் கொட்டியது. இருவரும் பனியை அள்ளி அள்ளிப் போட்டோம்.

"இது என்ன ஊர் அடுப்பா? தகரம்ங்க. தகரத்துல யாராவது கரியப் போடுவாங்களா?" என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்கு ஊர்தான் சரி" என்றும் சொன்னேன்.

"சரி" என்றார்.

என்ன சரி? எதுக்குச் சரி? போனா போகட்டும், எனக்கென்ன வந்துச்சு. என் செல்ல மான் ஒற்றைக்கொம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது என் பையில் உப்பு இருக்கிறதா என்று மோந்து பார்த்தது.

ஜனவரி 21
கேஷா அண்ணன் கூடாரத்தில் மூன்று பேர். அவர் குறட்டைக்கு ஒரு தனி அடுப்பே மூட்டலாம்.

காலையில் ஆரம்பித்துவிட்டார். "ஏன் மாப்பிள்ளை, முன்னாடி மரம் ஏத்துற லாரி ஓட்டினீங்களே, லாரிக்கு டீசலுக்குப் பதிலா மண்ணெண்ணெய் ஊத்துவீங்களா?"

"ஊத்தியிருக்கேன்" என்றார் பாவ்லின்.

"ஓடுச்சா?"

"மலை இறக்கத்துல ஓடுச்சு."

நானும் சிரித்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

ஜனவரி 25
பழைய பீப்பாயை வெட்டி அடுப்புக்குப் புது வயிறு வைத்துவிட்டார் பாவ்லின். கைவேலை தெரிந்தவர், அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கூடாரத்துக்குத் திரும்பிவிட்டோம். நிலக்கரி மூட்டை இரண்டும் சாமான் வண்டியில் ஊருக்கே போயின.

இப்போது கேஷா அண்ணனோடு காட்டுக்குப் போகிறார். ஒவ்வொரு மரத்தையும் கோடரியின் பின்பக்கத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்கிறாராம். காய்ந்தது கணீரென்று சொல்லும், ஈரம் தொம்மென்று சொல்லும். "கதவைத் தட்டுற மாதிரி தட்டுறார், யாரும் திறக்கல" என்று அண்ணன் சொல்கிறார்.

அந்த "சரி"யைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை.

பிப்ரவரி 3
நாளை வசந்தப் புத்தாண்டு. கெடு முடிகிறது. பேச்சு பேச்சுதான். துணிகளை மூட்டை கட்டிவிட்டேன். ஒற்றைக்கொம்பிக்கு உப்பைக் கையில் வைத்துத்தான் தரவேண்டும் என்று அண்ணனிடம் இரண்டு முறை சொன்னேன்.

"ரெண்டு பேரும் வாயத் திறந்து பேசித் தொலைச்சா என்ன?" என்றார்.

நான் கேட்கமாட்டேன். அவர் "ஆமாம், ஊருக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டால்?

பிப்ரவரி 4
காலையில் படுக்கை காலி. சறுக்குவண்டியும் இல்லை. சாலையில் ஊருக்கு வண்டி பிடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். புத்தாண்டுக்கு இறைச்சிக் கொழுக்கட்டை பிடிக்க உட்கார்ந்தேன். எத்தனை பேருக்கு என்று தெரியாமலே பிடித்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குப் பிறகு கூடாரத்தின் பின்னால் கோடரிச் சத்தம். போய்ப் பார்த்தால் பாவ்லின். ஓடைக்கரையில் காற்றில் விழுந்து கிடந்த பிர்ச் மரத்தை முழுசாக இழுத்துவந்து பிளக்கிறார். பிளந்த இடத்திலெல்லாம் ஐஸ் மின்னுகிறது.

எனக்கு வந்ததே கோபம். "இன்னுமா தெரியல உங்களுக்கு? அத்தனையும் பச்சை. அடுப்புல வெச்சா புகைதான் வரும்."

அவர் நிமிரவில்லை. தரை ஈரம் படாமல் இரண்டு கழி போட்டு, பட்டை மேலே பார்க்க அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"இப்ப எரிக்கச் சொன்னது யாரு? அடுத்த குளிருக்குக் காஞ்சிடும்ல."

நான் உள்ளே வந்து மூட்டையை அவிழ்த்தேன். வெந்த முதல் கொழுக்கட்டையை வழக்கம்போல் நெருப்புக்குக் கொடுத்தேன். பிறகு, படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கடைசி லார்ச் கட்டைகளை எடுத்து எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். இன்றைக்கு ஒருநாள் சட்டையில்லாமல் உட்காரட்டும்.