மூன்று நாளைக்கென்று வந்த படை

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக, பல்கூடத் தேய்க்காமல், உங்கள் வீட்டுப் பெருங்காயம் எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரருக்குப் போனில் வழி சொன்னேன்.

"அடுப்புக்கு மேல ரெண்டாவது தட்டு அண்ணா. மஞ்சள் மூடி போட்ட சின்ன டப்பா."

டப்பாக்கள் உரசும் சத்தம். பிறகு அந்த மரியாதையான குரல். "அதுல பாசிப்பருப்புலா இருக்கும்மா."

"அப்போ பச்சை மூடி பாருங்க."

"பச்சையில வெந்தயம் இருக்கு."

"நீங்க எதையும் தொடாதீங்க அண்ணா, நான் வரேன்" என்று சொல்லிவிட்டு, நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் உங்கள் வீட்டுக்கு ஓடினேன்.

முப்பத்தைந்து வருடம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தவர் அவர். ஒரு பெட்டிக்குள் நூறு ஒயர் போனால், தப்பாகப் போன ஒன்றை மோப்பம் பிடித்துச் சொல்லிவிடுவார் என்று நீங்களே பெருமையடித்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரால் சொந்தச் சமையலறையில் பெருங்காயத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய வயது அதற்குக் காரணம் இல்லை. நான்தான் காரணம்.

பெருங்காயம் கடைசியில் மேல்தட்டின் மூலையில், நான் அடுக்கிய புது டப்பாக்களுக்குப் பின்னால், உங்கள் பழைய தகர டப்பாவிலேயே இருந்தது. அதை மட்டும் நான் மாற்ற மறந்திருக்கிறேன். மூடியைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. ஒரு கணம் நீங்கள் பின்னால் நின்று "ஏட்டி, கொஞ்சமா போடு" என்று சொல்லப்போகிறீர்கள் என்று காத்திருந்தேன். டப்பாவின் அடியில் தினசரிக் காலண்டர் தாள் ஒன்றை மடித்து வைத்திருந்தீர்கள். பின்புறத்தில் உங்கள் கையெழுத்து. "கேட்டா வந்தான்? எப்பப் போவான்? அவ கொள்ளுத்தாத்தா (மறக்கக் கூடாது)."

நம் பட்டிமன்றக் குறிப்பு!

கொரோனா ஓய்ந்து நம் தமிழ் மன்றம் மறுபடி கூடிய முதல் ஆண்டு விழா அது. பொருளாளர் வழக்கம்போல, குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா மனைவியா என்று ஆரம்பித்தார். "பதினாலு வருசமா இதையே கேக்கியளே, இன்னுமா உங்களுக்குத் தெரியல?" என்றீர்கள். அவர் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அந்தத் தலைப்பு அங்கேயே செத்தது. அதற்கு முந்தைய வருடம்தான், அமெரிக்கப் படை கிளம்பியபோது, காபூல் விமான நிலையத்தில் ஜனங்கள் விமானத்தின் பின்னால் ஓடியதை டிவியில் பார்த்திருந்தோம். அது உங்கள் மனத்தைவிட்டுப் போகவே இல்லை. ஒரு நாட்டுக்குள் படையெடுத்துப் போன நாடு அந்த மக்களுக்கு உதவுவதற்காகத் தங்க வேண்டுமா, உடனே கிளம்ப வேண்டுமா என்று நீங்களே தலைப்புச் சொன்னீர்கள். செயலாளர் எழுந்து எல்லோரையும் கும்பிட்டார். "இலங்கைய மட்டும் யாரும் இழுக்காதீங்க. போன தடவை பாயசம் பரிமாறவே முடியல."

நம் மன்றத்தில் அணி பிரிப்பது சீட்டுக் குலுக்கித்தான். நாம் எதை நம்புகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. கிளம்பத்தான் வேண்டும் என்று நினைத்த எனக்குத் 'தங்க வேண்டும்' விழுந்தது. இருந்து சரிசெய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நினைத்த உங்களுக்குக் 'கிளம்ப வேண்டும்'. சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று காதில் கேட்டேன். "நக்கோ" என்றீர்கள், வேண்டாம் என்பதை என் சிகந்தராபாத் பாஷையில் சொல்லி, என்னையே கேலி செய்து. "நம்பாததப் பேசும்போதுதான் தொண்டை நல்லாத் திறக்கும், பாரேன்."

எனக்கு உண்மையிலேயே திறந்தது. அடுத்தவர் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, மழை வருகிறது நான் புறப்படுகிறேன் என்று சொல்வது நியாயமா என்று கேட்டேன். பள்ளிக்கூடம் கட்டு, ஆஸ்பத்திரி கட்டு, தண்ணீர்க் குழாயைச் சரிசெய், அவர்கள் தாங்களாக நிற்கும்வரை கூட இரு என்றேன். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது. என் வீட்டுக்காரர் முதல் வரிசையிலிருந்து கட்டைவிரலைக் காட்டினார்.

நீங்கள் எழுந்து மைக்கை உங்கள் உயரத்துக்கு இறக்கினீர்கள்.

"கூரையப் பிரிச்சவனே கூரை போடணும். ஒத்துக்கிடுதேன். ஓடா, கீத்தா, தகரமான்னு யாரு சொல்லணும்? உள்ள நனையுதவன்லா சொல்லணும்? இவன் தனக்குப் பிடிச்ச கூரையப் போட்டான். அந்தக் கூரைக்குக் காவலுக்கு நாலு ஆளப் போட்டான். காவலாளுக்குச் சமைக்க ஆளப் போட்டான். கேட்டா, ஒங்களுக்காகத்தான் இருக்கேங்கான். இருவது வருசம் ஓடிப்போச்சு."

பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். அந்தச் சிரிப்பு வந்தால் யாரோ மாட்டினார்கள் என்று பொருள்.

"எதிரணித் தலைவியோட கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ரொட்டி சுட வேலூர்லருந்து சிகந்தராபாத் வந்தவரு. அந்தப் பட்டாளம் எதுக்கு வந்துச்சு? நிஜாமுக்குப் பாதுகாப்பு குடுக்க வந்துச்சு! நூத்தம்பது வருசம் பாதுகாத்துட்டு அந்த வெள்ளைக்காரனே போயிட்டான். ரொட்டி சுட வந்தவரு வீட்டுப் பிள்ளை மட்டும் இன்னைக்கும் மேடையேறி 'தங்கணும், தங்கணும்'ங்கு. பாவம், வேற என்ன சொல்லும்?"

மன்றமே விழுந்து விழுந்து சிரித்தது. என் வீட்டுக்காரர் இந்த முறை இரண்டு கையாலும் தட்டினார். "ஹவ், ஆமா, தங்கினோம்! யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்று நான் மைக் இல்லாமலே கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. நடுவராக வந்திருந்த, வங்கியில் ஓய்வு பெற்ற பெரியவர், உள்ளத்தால் தங்கி உடலால் கிளம்புவதே சாலச் சிறந்தது என்று தீர்ப்பளித்தார். அதற்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாததால் இரண்டு அணியும் திருப்தியாகச் சாப்பிடப் போனோம்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய மறுநாள், மூன்றே நாளைக்கென்று உங்கள் சமையலறைக்குள் நுழைந்தேன். நல்ல எண்ணம்தான், அக்கா. உள்ளே நுழைகிற எல்லோரிடமும் அது ஒரு பை நிறைய இருக்கும்போல. ஊறுகாய் பாட்டிலில் சர்க்கரை, சத்துமாவு டப்பாவில் புளி, பிஸ்கட் டின்னில் மிளகாய் வற்றல் என்று நீங்கள் வைத்திருந்த ஏற்பாடு உங்களுக்கும் அண்ணாவுக்கும் சமையல் செய்யும் யாதம்மாவுக்கும் தலைகீழ்ப் பாடம். என் கண்ணுக்கு அது அலங்கோலமாகத் தெரிந்தது. ஒரே அளவில் இருபத்துநான்கு கண்ணாடி டப்பாக்கள் வாங்கினேன். கலர் கலராக மூடி. ஒவ்வொரு மூடியிலும் ஆங்கிலத்தில் அச்சடித்த லேபிள். மூடிகளைக் கழுவித் திரும்பப் போடும்போது எதற்கு எது என்று எனக்கே பிறகு குழம்பியது வேறு விஷயம்.

பதினோரு வருடம் மல்லாபூரிலிருந்து பஸ்ஸில் வந்து உங்களுக்குச் சமைத்துப் போட்ட யாதம்மா, அன்று காலை வந்து சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் தெலுங்கே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். "கலரைப் பார்த்து எடுங்க, ரொம்ப ஈஸி" என்று என் தெலுங்கில் சொல்லிக்கொடுத்தேன். அவர் இருபத்துநான்கு மூடிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இதி மீ இல்லா, மேடம்?"

இது உங்க வீடா என்று கேட்கிறார். "நை நை, ஹெல்ப்... சாயம் சேயடானிகி..." என்று, உதவத்தான் வந்தேன் என்பதை நான் மூன்று பாஷையில் உளறினேன். அவர் சாவியை மேடைமேல் வைத்துவிட்டு நடந்தார். அண்ணா கேட்வரை பின்னாலேயே போனார். தனியாகத் திரும்பி வந்தார். உங்கள் சிநேகிதி ஆயிற்றே நான். என்னை எப்படி வெளியே போகச் சொல்வார்?

சமையல்காரரை விரட்டியவள் சமைக்கத்தானே வேண்டும்? மூன்று நாள் எட்டு மாதமானது இப்படித்தான். தினமும் காலையில் எண்ணெய் குறைவாக, உப்புக் குறைவாக, மருத்துவர்கள் மெச்சும்படி ஏதாவது செய்து கேரியரில் கொண்டுபோவேன். "நல்லா இருக்கும்மா" என்பார். போன வாரம் தெருமுனை வாட்ச்மேன் என் கேரியரிலிருந்து என் ஓட்ஸ் உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "சார் ரோஜூ இச்சேஸ்தாரு அம்மா" என்றார். தினமும் கொடுத்துவிடுகிறாராம். வாட்ச்மேன் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை.

அண்ணாவுக்குச் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. கச்சிபௌலியிலிருந்து ஞாயிறுதோறும் வரும் உங்கள் பையன் கண்ணில் அது படாமல் இருக்குமா? "ஆன்ட்டி, நீங்க பண்றது கிரேட். ஆனா எத்தனை நாளைக்கு? அப்பாவால ஒரு ரசம்கூட வெச்சுக்க முடியல. இந்த மாசக் கடைசியில வீட்டப் பூட்டிட்டு எங்க ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் குரலில் அழுகை இருந்தது. அவர்கள் ஃப்ளாட் பத்தொன்பதாவது மாடி. மகனிடம் சரி என்று தலையாட்டிய அண்ணா, அவன் கார் திரும்பியதும் என்னிடம் கேட்டார். "பத்தொன்பதாவது மாடிக்குக் காக்கா வருமாம்மா?"

தினமும் முதல் பிடிச் சோற்றை அவர் யாருக்கு வைக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்று காலைப் பெருங்காயம் எதற்கு என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மகன் எதிரில் தன் கையால் ரசம் வைத்துக் காட்ட வேண்டும் என்று அதிகாலையிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். புளியைக் கரைத்து, தக்காளி பிசைந்து, எல்லாம் சரியாகவே செய்திருந்தார். நான் உள்ளே போய், டப்பாவைக் கண்டுபிடித்து, அப்படியே அவர் கையிலிருந்த கரண்டியையும் வாங்கிக் கிளற ஆரம்பித்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது. அவர் ஃபிரிட்ஜ் ஓரமாக ஒதுங்கி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் கொஞ்சம் தண்ணி எடுத்துக்கிடலாமாம்மா?" என்றார்.

அவருடைய வீட்டில். அவருடைய குடத்திலிருந்து.

கரண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு உங்கள் காலண்டர் தாளோடு வெளியே வந்தேன். வரும் வழியெல்லாம் அன்று விழா முடிந்து நாம் ஆட்டோவில் திரும்பியது ஞாபகம் வந்தது. வழக்கமாகக் கைதட்டல் வாங்கிய நாளில் வாய் ஓயாது உங்களுக்கு. அன்று நாச்சாரம் தாண்டும்வரை பேசவில்லை.

"அங்க பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடத்த மூடிட்டானாம்லா. நான் பாட்டுக்குக் கிளம்பு கிளம்புன்னு கத்திட்டு வாரேன்" என்றீர்கள்.

"நான் மட்டும் என்னக்கா, குண்டு போட்டவனையே வைத்தியம் பார்க்க உட்காருன்னு கத்தினேனே."

"ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுனோம். அந்த ஊர்க்காரி ஒருத்தியும் மேடையில இல்ல, பாத்தியா?" என்றீர்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாயசத்தில் முந்திரி குறைவு என்று பேச்சை மாற்றினேன்.

இன்று காலைதான் அது உறைத்தது. கலைத்துப் போட்டவளுக்குப் பொறுப்பு உண்டு, அது எங்கும் போய்விடாது. நாட்டுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் பொறுப்பு இருப்பதால் கரண்டி என் கைக்கு வந்துவிடாது. என்ன வேலை, எத்தனை நாள், யார் சொல்லி யார் கேட்பது என்பதையெல்லாம் கலைந்துபோன வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டும். சொல்லும்வரை வாசலில் நிற்க வேண்டும். தங்குவதா கிளம்புவதா என்று நானே இரண்டு அணிக்கும் பேசி, நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டிருந்தால், மூன்று நாள் எப்போதுமே முடியாது.

அதனால், அக்கா, நாளைக் காலை மல்லாபூருக்குப் போகிறேன். யாதம்மா வீடு எந்தச் சந்து என்றுகூட எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. விசாரித்துக் கண்டுபிடிப்பேன். அன்று செய்தது தப்பு என்று சொல்வேன். அண்ணாவிடம் திரும்பி வருவீர்களா என்று கேட்பேன். வருவதானால் எது எந்தப் பாட்டிலில் என்று அவரும் அண்ணாவும் சொல்லச் சொல்ல நான் கொட்டி நிரப்பித் தருவேன், பாத்திரம் தேய்ப்பேன். அரை நாள் போதும் என்றால் அரை நாள். நீ உள்ளேயே வர வேண்டாம் என்றால் அதற்கும் சரி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் பையன் சாப்பிட உட்காரும்போது நான் அந்த வீட்டில் இருக்கமாட்டேன், ரசம் உப்புக் கரித்தாலும்.

இதை அண்ணாவிடம் சொல்லவில்லை. யாதம்மா வரமாட்டேன் என்றால் அவருக்கு இன்னொரு ஏமாற்றம் எதற்கு? என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காரை எடுப்பார். நான் வழியில் பழம் வாங்குவேன், புடவை வாங்குவேன், போன இடத்தில் யாதம்மாவின் அலமாரியைப் பார்த்து ஏதாவது யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். பஸ்ஸில், தனியாக, கையில் ஒன்றும் இல்லாமல் போகப்போகிறேன்.