ஒரே கிழிசல்

இன்று காலை பூந்தமல்லியில் ஒரு தையல் கடைக்குள் நுழைந்ததும் மிஷின் எண்ணெயும் இஸ்திரிச் சூடும் கலந்த வாசனை வந்தது. ரவிக்கையைக் கொடுத்துவிட்டு உடனே வெளியே வந்துவிட்டேன். உன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கோடை விடுமுறையில் நான் மாங்காட்டுப் பக்கத்துக் குளத்துக்குக் கேமராவோடு போவதைக் கேள்விப்பட்டு, "நானும் வர்றேன் மேடம், குந்திக்கினே கீறதுல இடுப்பு போச்சு" என்றாய். ஒன்பது மணிக்குக் கடை திறக்க வேண்டும். அதனால் ஏழு மணிக்கே உன் ஸ்கூட்டரில் போய்விடுவோம். நான் கரைச் சேற்றில் முழங்காலை ஊன்றி ஒரு தட்டான் பூச்சியைப் படம் எடுப்பதற்குள் நீ போனில் நாலு எடுத்திருப்பாய்.

எல்லாவற்றுக்கும் ஜவுளிக் கடைப் பெயர் வைத்தாய்: அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து. நான் விடாமல் திருத்தினேன். மஞ்சளாகத் திரியும் ஆண் தட்டான் வளர்ந்ததும் சிவந்துவிடும், நிறத்தை நம்பாதே, சிறகு நரம்பையும் வால் நுனியையும் பார் என்பேன். விலங்கியல் படித்தவள் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

"சரி, இனிமே கலரே பாக்கல. என் கஸ்டமருங்க கிட்ட இத்த சொல்லிடாத" என்பாய்.

ஓர் ஆண்டு மே மாதம் புல்லில் ஆரஞ்சு நிற ஊசித்தட்டான் ஒன்று உட்கார்ந்திருந்தது. இருவருமே படம் எடுத்தோம். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் மங்கிய பச்சையில் ஒன்று; அதையும் எடுத்தோம். நாம் இருவரும் சேர்த்துவந்த தட்டான் பட்டியலில் இரண்டு இனங்கள் என்று எழுதினேன். நீ போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். சாயம் மாறிக்கீது. றெக்க ஓரத்துல கிழிசலப் பாரு."

"ரெண்டு பூச்சிக்கு ஒரே இடத்துல கிழிஞ்சிருக்கலாம்."

"ஒரே இடத்துல கிழியும். ஒரே மாரி கிழியாது. இருவது வருசமா ஒட்டுப் போட்டுக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

அது ஆதாரம் ஆகாது என்றேன். நீ கோபப்படவில்லை.

"அப்ப லிஸ்ட்ல என் பேரு வாணாம். தப்பு தையலுக்கு நான் பேரு குடுக்க மாட்டேன்."

இருவர் பெயரிலும் போக வேண்டிய பட்டியலை என் பெயரில் மட்டும் இயற்கை ஆர்வலர் குழுவுக்கு அனுப்பினேன். அதன் பிறகும் நீ குளத்துக்கு வந்தாய். ஆனால் படத்தைக் காட்டி "இது இன்னா?" என்று கேட்பதை விட்டுவிட்டாய்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் அந்த இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கிழிசல் ஓரத்தில் அறுந்த நரம்புகளை எண்ணினேன். ஒன்று விடாமல் பொருந்தின. அந்த இனத்தின் இளம் பெண் பூச்சி ஆரஞ்சாக இருந்து பிறகு பச்சையாக மாறும் என்று கையேட்டிலும் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. நிறத்தை நம்பாதே என்று உனக்குச் சொன்ன நான்தான் நிறத்தை நம்பியிருக்கிறேன்.

மறுநாள் உன்னைப் பார்க்க வந்தேன். கஞ்சி குடித்தாயா, ஊசி வலிக்கிறதா என்று கேட்டேன். நீ வீடு திரும்பியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன் என எழுதினால் அது பாதி உண்மைதான். சொல்ல வாய் வரவில்லை என்பது மீதி. நீ வீடு திரும்பவில்லை.

குழுவுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். உன் மகளிடம் கேட்டு, உன் பெயரை என் பெயருக்கு முன்னால் போட்டேன். "அம்மா ஒத்துக்கினு இருக்குமா ஆன்ட்டி?" என்றாள். தையல் பிரித்துச் சரியாகத் தைத்தாகிவிட்டது என்றேன்.

இந்தக் கோடையிலும் போகிறேன். புதிதாக ஒன்றைப் பார்த்தால் அன்றைக்கே பெயர் எழுதுவதில்லை. சிறகின் ஓரத்தை மட்டும் வரைந்துகொண்டு, ஒரு வாரம் கழித்து அதே புல்லுக்குத் திரும்பிப் போகிறேன்.