காட்டுப்பாக்கத்தான் போட்ட பந்து

எண்ணெய் போட்ட தோலின் வாடை இன்னும் கையை விட்டுப் போகவில்லை, மச்சான். மூன்று தடவை சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டேன். முந்தாநாள் உன் கைக்கு ஏற்ற மாதிரி ஒரு பந்து தைத்தேன். யாருக்கு என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும்: நம் தோல் மண்டி முதலாளியின் மருமகனுக்கு. கூடைப்பந்திலிருந்து ஓய்வு பெறுகிறாராம். பூந்தமல்லி கடைத்தெரு முழுக்கத் தோரணம்.

விளையாடுவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஆள் இந்தப் பக்கத்தில் நீ ஒருவன்தான். காட்டுப்பாக்கத்தில் ஏர் பிடித்துக்கொண்டிருந்த உன்னை, உயரத்தைப் பார்த்து முதலாளி தன் கூடைப்பந்து அணிக்குக் கூட்டிவந்தார். பந்து தைப்பது என் வேலை. ரப்பர் பையை உள்ளே விட்டு, பந்தின் வாயைத் தோல்வாரால் இழுத்துக் கட்டுவேன். அந்தக் கட்டு தரையில் பட்டால் பந்து கோணிக்கொண்டு ஓடும். நீ பார்க்காமலே விரலால் தடவி, கட்டை மேலே திருப்பிவிட்டுத்தான் தட்டுவாய்.

"கட்ட இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டு பாய், அப்பத்தான் கைக்குத் தெரியும்" என்பாய். உனக்காகவே புடைப்பாகக் கட்டினேன்.

ஆவடி வெள்ளைக்காரச் சிப்பாய்களுடன் ஆடிய உன் கடைசி ஆட்டத்தில், முழங்கால் வீங்கி, ஒற்றைக் காலில் நின்று நீ போட்ட பந்துதான் கோப்பையை வாங்கித் தந்தது. மருமகன் அன்று கோட்டுக்கு வெளியே துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் போனதும், மண்டிப் பக்கமே வராதே என்றார் முதலாளி. வருஷம் இரண்டு போவதற்குள் அந்தப் பந்தைப் போட்டது மருமகன் என்று ஆக்கிவிட்டார்கள். உன் மகளே அப்படித்தான் கேள்விப்பட்டு வந்து உன்னிடம் கேட்டாள். காய்ச்சலில் கிடந்த நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நேற்றைய விழாவுக்குப் பந்து கேட்டு ஆள் அனுப்பினார்கள். நான் வஞ்சனை எதுவும் செய்யவில்லை. உனக்குக் கட்டுகிற மாதிரியே கட்டினேன், அவ்வளவுதான். மாலையும் கழுத்துமாக நின்றவரிடம் நானே பந்தைக் கொடுத்தேன்.

"அன்னிக்குப் போட்டத ஒருவாட்டி காட்டுங்க" என்றேன்.

கூட்டம் கை தட்டியது. அவர் பந்தைத் தட்டினார். கட்டு தரையில் பட்டு அது கோணிக்கொண்டு ஓடி முதலாளியின் காலடியில் போய் நின்றது. மறுபடி தட்டினார். இந்தத் தடவை பெண்கள் பக்கம் ஓடியது. தலைமை தாங்க வந்த துரையே சிரித்துவிட்டார்.

"இன்னாபா, பந்துக்கு வாய் எங்க கீதுன்னே தெர்ல இவருக்கு!" என்று கத்தினார் அன்றைய ஆட்டத்தைப் பார்த்திருந்த வண்டிக்காரர் ஒருவர். "அத்தப் போட்டது காட்டுப்பாக்கத்தான்பா. நான் கண்ணால பாத்துகினு இருந்தேன்."

உன் மகள் அதைக் கேட்டாள். அவளை அங்கே கூட்டிப் போனதே நான்தான்.

இன்று காலை மண்டியிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சாவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உட்டுடு பாய், அவங்க நல்லா இருக்கட்டும்" என்றாய். நீ கேட்டு நான் செய்யாதது அது ஒன்றுதான். முதலாளி இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், மச்சான். எனக்கும் ஆயுசு இருக்கிறது.