ரயில் நிலையச் சாலை மூட்டை நூடுல்ஸ் கடையை மூடக் கோருதல்

அனுப்புநர்
ச. காலேப் (வயது 61),
ஓய்வுபெற்ற எழுத்தர்,
ரயில் நிலையச் சாலை, திருத்தணி.

பெறுநர்
உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
திருத்தணி.

பொருள்: என் தங்கை பெர்சிஸ் நடத்தும் வான்டன் நூடுல்ஸ் கடையை மூடி முத்திரையிடக் கோருவது தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் தங்களுக்கு வந்த பெயரில்லாக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட கடிதத்தை எழுதியவன் நானே. வலது கை விளங்காததால் இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலைப் பொறுத்தருள்க.

1. கடையைத் தொடங்கியவர் என் தாயார் லிடியாள். ரங்கூனில் பிறந்த கான்டன் சீனப் பெண். என் தகப்பனாரை மணந்து, கைக்குழந்தையான என்னோடு 1965-இல் இங்கு வந்து, மூன்றாம் ஆண்டே தள்ளுவண்டி போட்டார். இறால் ஓடு கொதித்த சாறு, முட்டை மாவு நூடுல்ஸ், அதன் அடியில் இறாலும் கோழியும் வைத்து மடித்த சிறு மாவு மூட்டைகள். ஊரார் மூட்டை நூடுல்ஸ் என்பார்கள். மலைக்கோயில் ஊர் என்று பன்றி இறைச்சியை அவரே விட்டுவிட்டார். ஆடிக் கிருத்திகைக்கு ஐந்து நாள் கடை கிடையாது. எல்லாம் சுத்தமாகவே நடந்தது, இன்றும் நடக்கிறது. பொய் எழுத எனக்கு வராது.

2. மூத்த மகன் நான். ஆயினும் தாயார் கடையைத் தங்கையிடம் விட்டுச் சென்றார். பள்ளியை விட்ட நாள் முதல் கூட நின்றவள் அவள் என்பதும் உண்மையே. பணி ஓய்வுக்குப் பின் நானும் மூட்டை மடிக்க உட்கார்ந்தேன். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்தது. அதன்பின் இடது கையால் நான் மடித்தவை கொதிநீரில் வாய் பிளந்தன. பெர்சிஸ் என்னுடையதைத் தனித் தட்டில் ஒதுக்கி, நான் எழுந்ததும் பிரித்து மறுபடி மடித்தாள். சாப்பிட வந்த ஆர்.கே.பேட்டை பஸ் ஓட்டுநர் முருகவேல் அதைப் பார்த்துச் சிரித்தார். அவள் என்னைத் திட்டியிருந்தால் இந்த மனுவே இல்லை. இரக்கப்பட்டாள். அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது ஐயா.

3. ஆகவே, மாவில் காரம் என்னும் ரசாயன உப்பைக் கலப்பதாக முதல் கடிதம் எழுதினேன். கலப்பது உண்மை. அப்பளத்துக்குப் போடும் அதே காரம் என்பதை மட்டும் எழுதவில்லை. தாங்கள் எடுத்த மாதிரியில் குறையில்லை என்று வந்துவிட்டது. ஆனால் ஜீப் வந்து நின்றதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்னும் கடைக்குத் திரும்பவில்லை.

4. ஜீப் வந்த அன்று மாலை அவள் என் கட்டிலருகே உட்கார்ந்து அழுதாள். "யாரு எழுதிப் போட்டாங்கன்னே தெரில ண்ணா. நீதான் ஆபீஸ்ல எழுதிகினு இருந்தவன். அந்த ஆபீசருக்கு நம்ம கடையப் பத்தி நல்லா ஒரு மனு எழுதிக் குடு, நானே எடுத்துகினு போறேன்" என்றாள். எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். அதுவே இம்மனு.

5. இம்முறை மாவைத் தொட வேண்டாம். பதிவுச் சான்றைக் கேளுங்கள். இரண்டு ஆண்டுக்கு முன் இறந்த தாயாரின் பெயரிலேயே அது உள்ளது. பெயர் மாற்ற அவள் கையொப்பமிட்டுத் தந்த தாள்கள் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. மாற்றியாயிற்று என்று வாயால்தான் சொன்னேன், எழுதித் தரவில்லை. கணவரை இழந்த அவளுக்கும் நர்சிங் படிக்கும் மகள் ரெபேக்காளுக்கும் இக்கடை தவிர வேறு பிழைப்பு இல்லை. ஆகையால் அவகாசம் கேட்டுக் கெஞ்சுவாள். தரலாகாது.

6. கடையை மூடும் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வருமாறு வேண்டுகிறேன். ஒன்றரை மணிக்குத்தான் அவள் எனக்குச் சோறு கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போகிறாள்.

இந்த உறையைத் தங்கள் மேசையில் வைத்துக் கைகூப்பி நிற்பவள் என் தங்கையே. ஒட்டிய உறையை அவள் பிரித்திருக்க மாட்டாள்; அண்ணன் எழுதியதென்றால் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவள் எதிரில் தாங்களும் பிரிக்க வேண்டாம். ஆவன செய்வதாக மட்டும் சொல்லி அனுப்புங்கள். நன்றி சொல்லிவிட்டுப் போவாள்.

இடம்: திருத்தணி
நாள்: 14.10.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. காலேப்
(இடது கைக் கையொப்பம்)